வலது பக்கம் வைத்த தம்ளர்

தண்ணீர்த் தம்ளரை அவள் கட்டிலின் வலது பக்கத்து முக்காலியில் வைத்தாள். ஒரு கணம் யோசித்து, இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

கட்டிலில் கிடந்தவருக்கு வலது பக்கம் செத்துப்போயிருந்தது. பக்கவாதம். கையும் வராது, காலும் வராது, பேச்சும் குழறல்தான். அவர் இடது கையை நெஞ்சின் குறுக்கே நீட்டி நீட்டிப் பார்த்தார். விரல் நுனிக்கும் தம்ளருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி மிச்சமிருந்தது.

"வலது பக்கம் வச்சாத்தாம்மா அந்தக் கை பழகும்," என்று அவள் அவருடைய மருமகளிடம் சொன்னாள். "பாவம் பார்த்து இந்தப் பக்கம் மாத்தி வச்சுடாதீங்க. அப்புறம் கை மரமாப் போயிடும்."

"சரிங்க மேடம்," என்றாள் மருமகள். வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் அவள் முடியை முடிந்துகொண்டே செருப்பைத் தேடினாள். "நீங்க வர்றதால எனக்கு எவ்வளவு தைரியமா இருக்கு தெரியுமா?"

தம்ளரை வைத்தவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. செயலிழந்த பக்கத்தை மூளை மறந்துவிடக்கூடாது என்று பொருள்களை அந்தப் பக்கம் வைக்கிற வழக்கம் உண்டு. ஆனால் ஒருவர் கூடவே உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்து, எடுக்கப் பழக்க வேண்டும். காலையில் பூட்டினால் மாலையில்தான் திறக்கிற வீட்டில், தனியாகக் கிடக்கிற மனிதருக்கு எட்டாத தூரத்தில் தண்ணீரை வைத்துவிட்டுப் போவதற்கு வைத்தியம் என்று பெயரில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

மருமகள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி வேணுமா சார்? எடுத்துக்குங்க. கை இருக்குல்ல உங்களுக்கு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் தங்கச்சி ஆஸ்பத்திரியில கண் முழிச்சதும் தண்ணிதான் கேட்டா. கட்டுப் போட்ட கையாலேயே தம்ளரைப் பிடிக்கப் போனா. பிடிக்கிறதுக்கு விரல் வேணும்கறதே அவளுக்கு ஞாபகம் இல்ல. தம்ளர் கீழ விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில போச்சு. அதை எடுக்க நான் குனிஞ்சப்போ வெளிய வராண்டாவுல உங்க குரல் கேட்டுச்சு. 'போன் பேசிக்கிட்டே வேலை செஞ்சா, நாங்க என்ன பண்றது'ன்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தீங்க. ஞாபகம் இருக்கா சார்?"

குரலில் சூடே இல்லை. வெளியிலிருந்து கேட்பவர்கள் யாரோ நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"விசில் எங்க சார்? ஊதிக் கூப்பிடுங்களேன், யாராவது ஓடி வருவாங்க."

விசில் என்பதுதான் அவருடைய பட்டப்பெயர். ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு இடையே விட்டுத் தேய்த்து அனுப்புகிற இடம் அது. எந்த இயந்திரமாவது நின்றால் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவார். அதைக் கேட்டால் வேலை செய்கிற பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புச் சட்டம் உண்டு. கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். மடிப்பு விழுந்த தடித்த விரிப்பு பட்டாலும் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் வேலை தேங்குகிறது என்று தடுப்பைத் தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டார்கள். கட்டியது விசில்தான். அப்புறம் ஒரு நாள் விரிப்போடு சேர்ந்து தங்கையின் வலது கையும் உள்ளே போயிற்று. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தப்பின. விசாரணைக்குத் தொழிலாளர் ஆய்வாளர் வந்தபோது கம்பி இல்லை, தடுப்பு ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் கவனக்குறைவு என்று விசில் வாக்குமூலம் கொடுத்தார். கதை முடிந்தது.

அக்காவுக்கு முடியவில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல்தான் அவள் சமூகப்பணிக்கு வந்தாள். வீட்டோடு முடங்கிக் கிடக்கிற நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உதவுகிற ஒரு சிறிய நிலையத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். யார் கத்தினாலும் பதிலுக்குக் கத்தமாட்டாள், யார் அழுதாலும் கலங்கமாட்டாள். வேலைக்கு ரொம்பப் பொருத்தமானவள் என்று எல்லாரும் மெச்சினார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த நிலையத்தைத் தொடங்கியவர்கள் புத்தரின் வழியில் நம்பிக்கை உள்ளவர்கள். சிலையோ விளக்கோ கிடையாது, யாரையும் எதையும் கும்பிடச் சொல்வதும் கிடையாது. துன்பத்தை ஒரு வைத்தியர் நோயைப் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொன்னவர் புத்தர், அந்தப் பார்வை சமூகப்பணிக்கு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதனால் திங்கட்கிழமை காலையில் ஊழியர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டையும் பற்றி நாலு கேள்வி. என்ன வலி? எதனால்? எது நின்றால் அது நிற்கும்? அதற்கு என்ன வழி?

இரண்டாவது கேள்விக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதனால் என்றால் ஆளைக் கைகாட்டக் கூடாது. குடிகாரப் புருஷன், பொல்லாத மாமியார் என்று யாராவது ஆரம்பித்தால் வட்டம் முழுவதும் சேர்ந்து, "அப்புறம்?" என்று கேட்கும். அந்த ஆளுக்குப் பின்னால் இருக்கிற சூழ்நிலையைச் சொல்லும்வரை விடமாட்டார்கள். ஒன்று இருப்பதால்தான் இன்னொன்று வருகிறது, ஆளைத் திட்டிவிட்டுப் போனால் அந்த ஒன்று அங்கேயே இருக்கும், வேறொரு ஆள் வந்து அதையே செய்வான் என்பது அதன் பொருள்.

விசிலின் வீடு அவள் பொறுப்புக்கு வந்த வாரம், வட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் வழக்கம்போலக் கேட்டார். "முன்னாடியே தெரிஞ்சவங்களா?"

தெரிந்தவர்களின் வீட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி.

"இல்ல," என்றாள் ஐஸ்பெட்டி.

"என்ன வலி?"

"பக்கவாதம். வலது பக்கம். பேச்சும் சரியா வரல."

"எதனால?"

"ரத்தக் கொதிப்பு. மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டார்."

"பகல்ல யாரு பார்த்துக்கிறாங்க?" என்று நிலையத்து நர்ஸ் குறுக்கே கேட்டாள். "புரட்டிப் படுக்க வைக்காம விட்டா முதுகு புண்ணாயிடுமே. நம்ம காத்து மெத்தை ஒண்ணு சும்மாதான் கிடக்கு. அனுப்பட்டுமா?"

"வேண்டாம். பக்கத்து வீட்ல நல்லா பார்த்துக்கிறாங்க. வேற யாருக்காவது குடுக்கலாம்."

பக்கத்து வீட்டில் பூட்டுத்தான் தொங்கியது. ஆனால் அவள் மனம் ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தது. நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, நெஞ்சில் படபடப்புக்கூட இல்லை. நடப்பது நடக்கட்டும் என்று சமநிலையில் இருக்கிறேன். புத்தர் சொன்னதும் அதுதானே? வெறுப்பை விடத்தான் அந்த நிலையத்தில் இத்தனை வருடம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவள் வெறுப்பின் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு வெறுப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு தவறு செய்ய இந்த மாதிரி இடத்தில் பழகியவர்களால்தான் முடியும். சாதாரண மனிதர்கள் என்றால் போய் இரண்டு அறை அறைந்துவிட்டு வந்திருப்பார்கள்.

வீட்டில் தங்கை துணிகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் தொழில் வைத்திருந்தாள். முன்னறைதான் கடை. வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் துணியை அழுத்திக்கொண்டு, இடது கையால் வேலை பார்ப்பாள். அவள் வாய் மட்டும் அக்காவுக்கும் சேர்த்துப் பேசும்.

"என்னக்கா, இப்பல்லாம் பாட்டு முணுமுணுக்கிறே? ஐஸ்பெட்டி கெட்டுப்போச்சா?"

அக்காவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. நிலையத்து விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்ற விதியும் காற்றில் போயிற்று. நல்ல சேலை வாங்கிவந்து தங்கை மடியில் போடுகிறவளைப்போல எல்லாவற்றையும் சொன்னாள். கட்டில், செத்த கை, எட்டாத தம்ளர்.

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முகம் சிவந்து, பிறகு மெல்ல விரிந்தது.

"எட்டவே எட்டாதா?"

"ஒரு சாண்."

"பார்க்க முடியும், எடுக்க முடியாது?"

"பார்த்துக்கிட்டே கிடப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கிற மட்டும் சிரித்தார்கள். இத்தனை வருடமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. நல்லவர்கள் சிரிக்கக்கூடாத சிரிப்பு என்று இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். விரல் போனவள் சிரித்தாள். அவளிடம் போய் யார் நியாயம் பேசுவது?

"எனக்கு அவனைப் பார்க்கணும்," என்றாள் தங்கை. "கிட்டத்துல போய்ப் பார்க்கணும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். அக்கா தன் நிலையத்திலிருந்து கூட வந்திருப்பவள் என்று தங்கையை அறிமுகப்படுத்தினாள். மருமகள் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு வருவது அபூர்வம்.

தங்கை நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலருகே போய், தன் வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"என்னைத் தெரியுதா?"

அவருடைய கண்கள் அந்தக் கையில் நிலைகுத்தின. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"தெரியுது போல," என்றாள் தங்கை. முக்காலியிலிருந்த தம்ளரை எடுத்தாள். அவர் பார்க்கப் பார்க்க அந்தத் தண்ணீரை நிதானமாக, கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள். காலித் தம்ளரைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

மருமகள் வேறு தண்ணீர் கொண்டுவந்தாள். கை நீட்டியபோது சட்டைக் கை விலகி, முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு தெரிந்தது. கோடு போட்டதுபோல நேரான தீக்காயம், புதிது.

தங்கை தம்ளரை வாங்கவில்லை. அந்தக் கையைத்தான் பிடித்தாள்.

"நீ எங்கம்மா வேலை செய்யறே?"

"லாண்டரியில. மாமா முன்னாடி இருந்த இடம்தான். அவர் சொல்லித்தான் சேர்த்துக்கிட்டாங்க."

"உருளை மெஷின். ஜன்னலோரம் இருக்கிறது. சரியா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தங்கை வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், நாற்காலியிலிருந்த அக்காவைப் பார்த்தாள்.

"அது நீங்களா? போன் பேசிக்கிட்டே வேலை செஞ்ச பொண்ணுன்னு இன்னும் சொல்றாங்க."

"அப்போ எங்கிட்ட போனே கிடையாதும்மா. அதை விடு. உருளைக்கு முன்னாடி ஒரு சட்டம் இருக்குமே, தொங்குதா?"

"மேல தூக்கிக் கம்பியால கட்டி இருக்கே, அதுவா? அது எப்பவுமே அப்படித்தான் இருக்கு. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

கட்டிலில் கிடந்தவர் இடது கையால் மெத்தையை அடிக்க ஆரம்பித்தார். இத்தனை நாளும் தம்ளருக்காக நீண்ட கை இப்போது மருமகளின் தழும்பை நோக்கி நீண்டது. "க... கம்... நா..." என்று திக்கினார். அவர் புரள முயன்றதில் போர்வை நழுவியது. கூடவே ஒரு நாற்றம் எழுந்தது.

"என்ன வாடை இது?" என்றாள் தங்கை.

"முதுகுல புண்ணுங்க," என்றாள் மருமகள். "செவந்திருக்குன்னு மேடம்கிட்ட அன்னிக்கே சொன்னேன். சரியாயிடும், ஒண்ணும் போட வேண்டாம்னாங்க. இப்ப குழியா விழுந்திடுச்சு. ராத்திரியில உடம்பு வேற சுடுது." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் பார்வை முக்காலிக்குப் போனது. அதன்மேல் இருந்த காலித் தம்ளரில் தான் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, மளமளவென்று இடது பக்கம் கொண்டுபோய் வைத்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

தங்கை அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எதனால?"

"என்னடி இது, இங்க வச்சு..."

"சொல்லு. வீட்ல சாப்பாடு கருகினாக்கூட நாலு கேள்வி கேட்டு உயிரை வாங்குவியே. என் கை போனது எதனால?"

"இவனாலதான்."

"அப்புறம்?"

அக்கா பல்லைக் கடித்தாள். "இவன் கட்டின கம்பியால."

"அப்புறம்?"

"மெஷின் நின்னா வேலை தேங்கும்."

"அப்புறம்?"

"தேங்கினா ஆர்டர் போயிடும்னு முதலாளி கட்டச் சொல்லியிருப்பான். ஆய்வாளர் வந்தா அவிழ்த்திடுவாங்க. போனதும் திரும்பக் கட்டிடுவாங்க."

"அப்புறம்?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அப்புறம் நான் சொல்றேன்," என்றாள் தங்கை. "இவன் இங்க கிடக்கான். கம்பி அங்கேயே இருக்கு. இந்தப் பொண்ணு கை தினமும் அதுக்கு அடியில போயிட்டு வருது. நீ இத்தனை நாளா இந்த வீட்டுக்கு வந்து போறே. இவ என்ன வேலை செய்யறான்னு கேட்டியா?"

"லாண்டரின்னு தெரியும்."

"தெரியும்! தம்ளரை எங்க வைக்கிறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டியே, அதுல பாதி யோசிச்சிருந்தா இவ கையில இந்தக் கோடு விழுந்திருக்காது. நானும் லேசுப்பட்டவ இல்ல. தண்ணியக் குடிச்சுக் காட்டுறேன்னு வந்து நின்னேன்."

பிறகு அவள் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். "நான் உன்னை மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். ஆனா நீ இப்பச் சாகக்கூடாது. அந்தக் கம்பியைக் கட்டினது யாரு, கட்டச் சொன்னது யாருன்னு சொல்ல உன் ஒரு வாய்தான் இருக்கு. அதுவும் பாதி வாய்."

மறுநாள் திங்கட்கிழமை. மௌனம் முடிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா பேசினாள். தெரியாதவர் என்று சொன்னது பொய், பக்கத்து வீடு பொய், தம்ளரை எட்டாமல் வைத்தது பழிவாங்கல். சமநிலையில் இருந்ததாக நினைத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய். நர்ஸ் பாதியிலேயே எழுந்து மெத்தையை எடுக்க ஓடினாள்.

ஒருங்கிணைப்பாளரும் குரலை உயர்த்தாதவர்தான். அன்றைக்கு உயர்த்தினார்.

"சமநிலைன்னா வேண்டியவன் வலியும் வேண்டாதவன் வலியும் நம்ம கையில ஒரே எடைன்னு அர்த்தம். நீங்க ஒருத்தன் வலியைத் தராசுலேயே வைக்கல. அதுக்குப் பேர் அலட்சியம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி அமைதியா இருக்கும், அதுதான் ஆபத்து. உங்க முகத்தைப் பார்த்து நாங்களும் ஏமாந்தோம். இனிமே நீங்க எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. நான் சொல்றவரைக்கும்."



விசிலை மருத்துவமனையில் சேர்த்தார்கள். புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. பிழைப்பது சந்தேகம் என்றார் மருத்துவர். அக்காவுக்கு வார்டுக்குள் போக அனுமதியில்லை. அவள் வெளியே, முன்பு ஒரு நாள் அந்த மனிதன் நின்று பொய் சொன்னதுபோன்ற ஒரு வராண்டாவில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் மாவுக்கட்டு போட்ட பெண்கள் யாராவது கடந்துபோனால் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே மருமகளுக்குத் துணையாகத் தங்கைதான் இருந்தாள்.

"இந்த ஆளு பிழைக்கணும்னு நானே உட்கார்ந்து வேண்டிக்கிறேன் பாரு," என்றாள் வெளியே வந்த தங்கை. "என் தலையெழுத்தைப் பார்த்தியா?"

அவர் பிழைத்தார். காய்ச்சல் இறங்கியதும், நிலையத்தினர் கொடுத்த புகாரைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் ஆய்வாளர் கட்டிலருகே வந்தார். பழைய ஆய்வாளர் இல்லை, வேறொரு பெண்மணி. யார் கட்டியது என்று கேட்டார். விசில் இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார். "நா... நான்." யார் சொல்லி? கை கூரையைக் காட்டியது. "மேல... மொத... லாளி." பெண் போன் பேசினாள் என்றீர்களே? அவர் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. தங்கை அதைத் துடைக்கவில்லை. அழட்டும் என்று நின்றாள்.

ஆய்வாளர் கிளம்பும்போது அவர் படுக்கையைத் தட்டிக் கூப்பிட்டார். "விசில்," என்றார். தன்னைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தார்கள். அவர் விடாமல் திக்கித் திக்கி விளக்கினார். ஆய்வாளர் வண்டி முன்வாசலில் நின்றால் காவலாளி ஒரு விசில் கொடுப்பான். அது கேட்டதும் கம்பியை அவிழ்த்துவிடுவார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவர்தான்.

"பின்... வாசல்," என்றார். "அழுக்கு... மூட்டை... வர்ற வாசல்."

ஆய்வாளர் வேறெங்கும் நிற்காமல் நேரே போனார். அழுக்கு மூட்டைகள் இறக்குகிற வாசல் வழியாக, தங்கையும் மருமகளும் அக்காவும் பின்னால் வர, உள்ளே நுழைந்தார். அக்கா நிலையத்தின் சார்பில் வரவில்லை, தங்கையோடு வந்தாள். நீராவியும் சூடான துணியின் வாசனையும் முகத்தில் அடித்தன. யாரும் விசில் ஊதவில்லை. ஜன்னலோர இயந்திரத்தில் ஒரு பெண் விரிப்பை உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கு மேலே தடுப்புச் சட்டம் கம்பியில் கட்டப்பட்டு, பல வருட எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

முதலாளி ஓடிவந்தார். காற்றில் கை வீசி ஏதேதோ சொன்னார். கம்பியைக் கட்டியது யாரென்றே தெரியாது என்றார், பெண்கள்தான் சௌகரியத்துக்குக் கட்டிக்கொள்கிறார்கள் என்றார்.

"நாங்க கட்டல," என்றாள் மருமகள். மாமனார் ஊதிய விசிலைவிடச் சத்தமாகச் சொன்னாள். பக்கத்து இயந்திரத்துப் பெண் சொன்னாள், "நாங்க கட்டல." பிறகு ஒவ்வொருத்தியாக, துணியைப் போட்டுவிட்டு, கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஆய்வாளர் படம் எடுத்து, சாட்சி எழுதி, தொழிற்சாலையை நிறுத்த உத்தரவிட்டார். வழக்கு முதலாளிமேல் பதிவானது. தங்கையின் பழைய விசாரணையையும் திறக்க வேண்டும் என்று எழுதினார்.

"கம்பியை எடுக்கச் சொல்லட்டுமா?" என்று அவர் கேட்டபோது தங்கை கையில் குறடு வைத்திருந்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

இடது கையால் அழுத்திக் கம்பியைத் துண்டித்தாள். தடுப்பு சடாரென்று இறங்கியது. ஆய்வாளர் சோதித்துப் பார்க்க இயந்திரத்தை ஓடவிடச் சொன்னார். உருளை உறுமிக்கொண்டு சுழன்றது. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் தங்கை தன் வலது கையை, அந்த இரண்டு விரல் கையை, நீட்டித் தடுப்பின்மேல் வைத்தாள். அக்கா அலறினாள்.

இயந்திரம் நின்றது.

"அன்னிக்கு இது நின்னிருக்கணும்," என்றாள் தங்கை. கீழே கிடந்த கம்பித் துண்டை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"மனசு ஆறிடுச்சாடி?" என்று கேட்டாள் அக்கா.

"ஆறல. ஆறவும் வேண்டாம். பழி வாங்கணும்னு நினைச்சதுல தப்பில்லக்கா, யாரைங்கறதுலதான் நீ கோட்டை விட்டே. ஆளைக் கொன்னா கம்பி பிழைச்சுக்கும், நாளைக்கு வேற ஒரு கையைத் தின்னும். இனிமே யார் மேலயாவது கறுவிக்கிட்டு அமைதியா ஒரு வீட்டுக்குள்ள போறப்போ, இதை ஒரு தடவை எடுத்துப் பாரு. கோபத்தைக் காரணத்து மேல காட்டு. ஆளுக்குத் தண்ணியக் குடு."